சொட்டு மருந்து முகாமில் மருத்துவம் படிக்காதவருக்கு என்ன வேலை?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிக்கொள்கிறேன். கொடைக்கானல் கீழ்மலையில் உள்ள பண்ணைக்காட்டுக்குக் குடிவந்து எட்டு மாதம் ஆகிறது, வீட்டிலிருந்தே கணினி வேலை, அடுத்த மாதம் நடக்கவிருக்கும் போலியோ சொட்டு மருந்து முகாமில் தன்னார்வலராகச் சேர ஆசை, மருத்துவம் ஒன்றும் தெரியாது. நான் பயன்படுவேனா, இடைஞ்சலாகிவிடுவேனா? வேண்டாம் என்று சொல்கிற வீட்டில் என்ன பேசுவது? ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்கினால் போதுமா? இந்த மூன்று கேள்விகளுக்கும் அடியில் நீங்கள் எழுதாத நான்காவது ஒன்று இருப்பதாக எனக்குப் படுகிறது. "தவறுதலாக" என்ற சொல் உங்கள் சிறிய பதிவில் மூன்று இடங்களில் வருகிறது. என் கையால் ஒரு குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்பதுதான் உங்கள் உண்மையான கவலை. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிட வேண்டும். கொடைக்கானல் கீழ்மலையிலும் மேல்மலையிலுமாக 29 ஆண்டுகள் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். 1994இல் பணிக்கு வந்தேன். அடுத்த ஆண்டு டிசம்பரில் நாடு முழுவதும் முதல் போலியோ முகாம் நடந்தது. அப்போது மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத்தான் கொடுத்தோம், பிறகுதான் ஐந்து வயது வரை என்று ஆனது. ஓய்வுக்குப் பின் முகாம் நாட்களில் உங்களைப் போலத் தன்னார்வலராகவே போகிறேன். நான் மருத்துவர் அல்ல. ஒரு குறிப்பிட்ட குழந்தையின் நோயைப் பற்றி நீங்கள் கேட்டால் மருத்துவரிடம் அனுப்புவேனே தவிர முடிவு சொல்ல மாட்டேன். களத்தில் இறங்கிச் செய்த வேலையைப் பற்றி மட்டும் உறுதியாகப் பேச முடியும்.

உங்கள் கையால் தீங்கு நேருமா? தன்னார்வலர் கையில் ஊசி ஒருபோதும் கொடுக்கப்படாது. ஊசி போடுவது பயிற்சி பெற்ற செவிலியரின் வேலை. சொட்டு மருந்தைக்கூட முகாமுக்கு முன்னால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நடக்கும் பயிற்சிக்கு வந்தவர்தான் கொடுக்க வேண்டும். அது கடினமான காரியமும் அல்ல. குழந்தையைத் தாயின் மடியில் சாய்த்து, கன்னத்தை இரு விரலால் லேசாக அழுத்தி, குப்பியைச் சாய்த்துப் பிடித்து நாக்கில் இரண்டு சொட்டு விட வேண்டும். குப்பியின் முனை குழந்தையின் வாயில் பட்டுவிடக் கூடாது. துப்பிவிட்டால் மறுபடியும் கொடுக்கலாம். போன வாரம்தான் மருத்துவமனையில் சொட்டு மருந்து கொடுத்தார்கள் என்றாலும் முகாமில் கொடுக்கலாம், கூடுதலாகப் போனால் கெடுதல் இல்லை. நேற்றுப் பிறந்த குழந்தைக்கும் உண்டு. சளி, லேசான காய்ச்சல், வயிற்றுப்போக்கு எதுவும் தடை அல்ல. மருத்துவமனையில் படுத்திருக்கும் குழந்தை, நோய் எதிர்ப்புச் சக்தியே குறைந்திருப்பதாக மருத்துவர் சொன்ன குழந்தை, இந்த இரண்டு பேரையும் மட்டும் நீங்களாக முடிவு செய்யாமல் மருத்துவரிடம் விட்டுவிடுங்கள்.

உங்களால் நேரக்கூடிய தவறு வேறு இடத்தில் இருக்கிறது. மருந்து கொடுப்பதற்கு முன்னாலேயே விரலில் மை வைத்துவிடுவதுதான் அது. கூட்டம் நெருக்கும்போது புதிதாக வந்தவர்கள் இதைச் செய்கிறார்கள். வரிசையை வேகப்படுத்தலாம் என்று இடது சுண்டுவிரலில் மையைத் தொட்டுவிடுவார்கள், குழந்தை அழும், தாய் வெளியே கூட்டிக்கொண்டு போவார், சற்று நேரத்தில் கிளம்பியும் விடுவார். அந்தக் குழந்தையை அதற்குப்பின் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. பஸ் நிலையத்தில் கேட்டாலும் வீட்டுக்குப் போய்க் கேட்டாலும் விரல் "கொடுத்தாயிற்று" என்றே சொல்லும். மருந்து தொண்டைக்குள் இறங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் மை. வைக்கும்போது நகத்தின் மேல் மட்டும் வைக்காமல், நகமும் தோலும் சேரும் விளிம்பில் படும்படி வையுங்கள். அங்கே பட்டது சீக்கிரம் அழியாது.

அடுத்தது குளிர். எங்கள் மலைக்காரர்களே தடுமாறும் இடம் இது. "இங்கே அடிக்கிற குளிருக்கு ஐஸ் பெட்டி எதற்கு?" என்று ஒவ்வொரு முகாமிலும் யாராவது ஒருவர் கேட்பார். தடுப்பு மருந்துகளிலேயே வெப்பத்தை மிகக் குறைவாகத் தாங்குவது போலியோ சொட்டு மருந்துதான். ஒரு முறை மன்னவனூர்ப் பக்கம் உறைபனி விழுந்த காலையில், கல்லூரிப் பையன் ஒருவன் கை விறைக்கிறது என்று குப்பியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வீடு வீடாக நடந்தான். வெளியே புல்லெல்லாம் வெள்ளை. அவன் நெஞ்சுக்கு அருகிலோ உடம்புச் சூடு. வாங்கிப் பார்த்தேன். குப்பியின் மேல் ஒரு வட்டமும் அதற்குள் ஒரு சிறு சதுரமும் அச்சிட்டிருக்கும், வி.வி.எம். என்போம். சதுரம் வட்டத்தைவிட வெளிறி இருக்கும் வரை மருந்து நல்லது. சதுரத்தின் நிறம் வட்டத்தின் நிறத்துக்குச் சமமாகிவிட்டாலோ அதைவிடக் கறுத்துவிட்டாலோ தூக்கிப்போட வேண்டும். அன்று சதுரம் இன்னும் வெளிறியே இருந்தது, மருந்து தப்பியது. அந்தப் பையனைத் திட்டவில்லை. அவன் கையில் குப்பியைக் கொடுத்து, இனி ஒவ்வொரு வீட்டு வாசலிலும் இந்தச் சதுரத்தைப் பார்த்துவிட்டு எனக்குச் சொல் என்றேன். சாயங்காலம் வரை சொல்லிக்கொண்டே வந்தான்.

முகாமுக்குப் பின் தடுப்பூசி நாட்களிலும் உதவப் போனால் தெரிந்திருக்க வேண்டியது: ஊசி மருந்துகளின் கதை இதற்கு நேர் எதிர். ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட், மஞ்சள் காமாலைக்கான ஹெபடைட்டிஸ் பி, நிமோனியாவுக்கானது, இவையெல்லாம் உறைந்தால் கெட்டுவிடும். வி.வி.எம். வெப்பத்தை மட்டும்தான் காட்டும், உறைந்து கெட்டதைக் காட்டாது. ஆகவே ஊசி மருந்து கொண்டுபோகிற பெட்டியில் ஐஸ் பேக்கை எடுத்தவுடன் வைக்கக் கூடாது. வெளியே வைத்து, மேலே நீர் முத்து முத்தாகப் பூத்து, காதருகே குலுக்கினால் உள்ளே தண்ணீர் அசைகிற சத்தம் கேட்ட பிறகுதான் வைக்க வேண்டும். கொடைக்கானல் குளிரில் அந்தச் சத்தம் வர நேரம் பிடிக்கும், பொறுமையாக இருக்க வேண்டும். நீங்கள் பெட்டி தூக்குபவராக இருந்தால், அதை அடிக்கடி திறக்காமல் இருப்பதும் வெயிலில் வைக்காமல் இருப்பதுமே பெரிய உதவி.

இனி, உண்மையில் நீங்கள் எங்கே தேவைப்படுகிறீர்கள் என்பதைச் சொல்கிறேன். முகாம் ஞாயிற்றுக்கிழமை. 2024 மார்ச் 3ஆம் தேதி நடந்ததில் தமிழகம் முழுவதும் சுமார் 43,000 மையங்கள் இருந்தன. அங்கன்வாடி, பள்ளி, துணை சுகாதார நிலையம், பஸ் நிலையம் என்று மையம் இல்லாத இடம் இல்லை. கொடைக்கானல் பஸ் நிலையத்திலும் சுற்றுலாப் பயணிகள் வந்து இறங்கும் இடங்களிலும் வெளியூர்க் குழந்தைகளுக்கும் கொடுப்பார்கள். ஞாயிறன்று எங்களுக்கு ஆள் குறைவதில்லை. அங்கன்வாடிப் பணியாளர், சத்துணவு அமைப்பாளர், ஆசிரியர், ரோட்டரிக்காரர்கள், செவிலியர் கல்லூரி மாணவிகள் எல்லோரும் வருவார்கள். தாய்மார்களும் அக்கறையோடு தூக்கிக்கொண்டு வருவார்கள். வருகிற குழந்தைக்குக் கொடுப்பது சுலபம். வராத குழந்தை யார், எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலையே. அது திங்கட்கிழமை தொடங்குகிறது.

திங்களும் செவ்வாயும் குழுக்கள் வீடு வீடாகப் போகும். எல்லாக் குழந்தைகளும் மருந்து பெற்றுவிட்ட வீட்டுச் சுவரில் சாக்பீஸால் பி என்று ஆங்கில எழுத்தைப் போடுவோம். குழந்தை விடுபட்ட வீடு, பூட்டிய வீடு, மறுத்த வீடு என்றால் எக்ஸ். கூடவே தேதியும் குழு எண்ணும். ஒரு குழு நன்றாக வேலை செய்திருக்கிறதா என்று நான் பார்ப்பது பி எத்தனை என்பதை வைத்து அல்ல. எக்ஸ் போட்ட வீடுகளுக்கு எத்தனை முறை திரும்பிப் போனார்கள் என்பதை வைத்துத்தான்.

தாண்டிக்குடிப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் நடந்ததைச் சொன்னால் விளங்கும். கீழ்மலையில் நவம்பர் தொடங்கிப் பிப்ரவரி வரை பழம் பறிக்கிற காலம். சமவெளியிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் குடும்பத்தோடு ஆட்கள் வந்து தங்குவார்கள். முகாமும் பெரும்பாலும் அந்த மாதங்களில்தான் வரும். தோட்டத்து வரிசை வீடுகளில் ஏழு வீட்டில் எக்ஸ் போட்டிருந்தோம், எல்லாமே பூட்டு. காலையில் போனோம், யாரும் இல்லை. மதியமும் இல்லை. குழுவில் ஒருவர், "ஆள் ஊருக்குப் போய்விட்டார்கள் போல, எழுதி முடித்துவிடலாம்" என்றார். கொடியில் ஈரத்துணி காய்ந்துகொண்டிருந்தது. ஊருக்குப் போனவர்கள் துணியைத் துவைத்துப் போட்டுவிட்டுப் போவார்களா? கணக்குப்பிள்ளையைப் போய்க் கேட்டேன். ஐந்தரை மணிக்குக் களத்துக்கு வாருங்கள், பழம் எடை போட எல்லோரும் அங்கேதான் வந்தாக வேண்டும் என்றார்.

டார்ச் எடுத்துக்கொண்டு போனோம். சாக்கு சாக்காகப் பழத்தை இறக்கிவிட்டுப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். பிள்ளைகள் சாக்கின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தன. ஐந்து வயதுக்குள் பதினோரு பேர். பகலெல்லாம் சில்வர் ஓக் மரத்தில் கட்டிய சேலைத் தொட்டிலிலும் செடிகளின் நிழலிலும் இருந்த குழந்தைகள், வீட்டுக் கதவைத் தட்டுகிறவர்களுக்கு எப்படிக் கிடைப்பார்கள்? அதில் ஒரு பையனுக்கு நாலு வயது இருக்கும். பஸ் நிலையத்தில் கொடுத்துவிட்டார்கள் என்றார் அவன் அம்மா. கையை வாங்கிப் பார்த்தேன். சுண்டுவிரல் கறுப்பாகத்தான் இருந்தது. ஆனால் மற்ற நான்கு விரல்களும் கறுப்பு, பழத்தை நசுக்கி விளையாடிய கறை. முந்தானை நுனியைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தேன். கறை பழுப்பாகக் கரைந்து வந்துவிட்டது, நகத்தின் விளிம்பு சுத்தமாக இருந்தது. அந்த அம்மா பொய் சொல்லவில்லை. போன ஆண்டு கொடுத்ததைச் சொல்லியிருக்கிறார். இரண்டு சொட்டு கொடுத்து, மை வைத்தோம். இதற்கெல்லாம் மருத்துவப் படிப்பு தேவையா? கொடியில் காய்கிற துணியைப் பார்க்கத் தெரிந்தால் போதும்.

நம் மலையின் பழங்குடியினரான பளியர் குடியிருப்புகளுக்குப் போகும்போது இன்னும் நிதானம் வேண்டும். தேன், கல்பாசி, கடுக்காய் என்று விடியும் முன்பே காட்டுக்குப் போகிறவர்கள். அவர்களுக்குத் தெரிந்த ஒருவர் இல்லாமல் போகாதீர்கள். அங்கன்வாடிப் பணியாளரோ, அங்கேயே பிறந்து வளர்ந்த ஒரு பெண்ணோ முன்னால் நடக்கட்டும், நீங்கள் பின்னால் வாருங்கள். நீலகிரியில் கூடலூர் ஆதிவாசி மருத்துவமனைக்காரர்கள் பல ஆண்டுகளுக்கு முன்பே இதைச் செய்து காட்டினார்கள். பணியர், பெட்ட குறும்பர் ஊர்களிலிருந்தே பெண்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்துச் சுகாதாரப் பணியாளர்களாக ஆக்கினார்கள். வெளியாள் பத்து முறை சொல்வதைவிட அவர்கள் ஒரு முறை சொல்வது எடுபடும். வெள்ளகவி போல நடந்தே போய்ச் சேர வேண்டிய ஊர்களும் நம் மலையில் உண்டு. அங்கே ஊருக்குள் செருப்புப் போட்டு நடக்கக் கூடாது என்பது வழக்கம். எல்லையில் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அதைச் செய்யாமல் உள்ளே போய்விட்டு மருந்தைப் பற்றி எவ்வளவு பேசினாலும் பயன் இல்லை.

வயது கேட்பதும் ஒரு கலைதான். பிறந்த தேதி எழுதிய தாள் எல்லோரிடமும் இருக்காது. எந்தத் திருவிழாவுக்கு முன், எந்தப் பெருமழைக்குப் பின் என்று கேட்டுத்தான் கணக்குப் போட வேண்டும். 2024 முகாமில் ஒரு பாட்டி, பேத்தியை முன்னால் நிறுத்தி, "மலையெல்லாம் குறிஞ்சி பூத்துக் கிடந்தபோது என் மகள் மூன்று மாதம் முழுகாமல் இருந்தாள்" என்றார். கொடைக்கானலில் குறிஞ்சி பூத்தது 2018இல், ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் உச்சம். விரல் விட்டு எண்ணினால் குழந்தை 2019 பிப்ரவரியிலோ மார்ச்சிலோ பிறந்திருக்க வேண்டும். ஐந்து முடிந்ததா, முடியப்போகிறதா என்பது சில நாள் வித்தியாசத்தில் நிற்கிறது. இப்படிச் சந்தேகம் வந்தால் கொடுத்துவிடுங்கள். ஐந்து தாண்டிய குழந்தைக்கு இரண்டு சொட்டு போனால் நட்டம் இல்லை, நாலே முக்கால் வயதுக் குழந்தையை விட்டுவிட்டால் நட்டம். ஊசிகளுக்கு இந்தத் தாராளம் கிடையாது. அங்கே வயதுக் கணக்கைச் செவிலியர்தான் பார்க்க வேண்டும்.

வேண்டாம் என்று சொல்கிற வீட்டைப் பற்றிக் கேட்டீர்கள். மறுப்பு என்று தாளில் எழுதப்படுவதில் பாதி மறுப்பே அல்ல என்பது என் அனுபவம். கணக்கெடுத்துச் சொல்லவில்லை, பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். குழந்தை தூங்குகிறது, மாமியார் வீட்டில் இல்லை, போன முறை வந்தவர் கடுகடுத்தார், இவையெல்லாம்கூட "வேண்டாம்" என்ற ஒரே சொல்லாகத்தான் வெளியே வரும். ஆகவே முதலில் மருந்தைப் பற்றிப் பேசாதீர்கள். "என்ன சங்கடம் அக்கா, சொல்லுங்கள்" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் நில்லுங்கள். தூங்குகிற குழந்தையை எழுப்பச் சொல்லாதீர்கள். எப்போது எழுந்திருப்பான் என்று கேட்டுக்கொண்டு அந்த நேரத்துக்கு வாருங்கள். ரேஷன் கார்டு போய்விடும், உதவித்தொகை நின்றுவிடும் என்று ஒருநாளும் பயமுறுத்தாதீர்கள். அது பொய், அதோடு அடுத்த பத்து ஆண்டுகளுக்கு அந்த வீட்டுக் கதவு உங்களுக்குப் பின்னால் வருகிற செவிலியருக்கும் சாத்தப்பட்டுவிடும். குழந்தையைப் படம் எடுக்காதீர்கள். எவ்வளவு சொல்லியும் மனம் வரவில்லை என்றால் வணக்கம் சொல்லிவிட்டு எழுந்து வந்து, தாளில் எழுதி, மேற்பார்வையாளரிடம் சொல்லிவிடுங்கள். வலுக்கட்டாயமாகக் கொடுக்கும் பேச்சே கிடையாது.

"ஒன்றும் ஆகாது" என்ற வாக்கியத்தை உங்கள் வாயிலிருந்தே எடுத்துவிடுங்கள். தடுப்பூசி போட்ட இரவில் காய்ச்சல் வரலாம், தொடையில் போட்ட இடம் வீங்கி வலிக்கலாம், ஓரிரு நாளில் தணியும் என்று முன்கூட்டியே சொன்ன வீட்டில், காய்ச்சல் வந்தால் "நர்ஸம்மா சொன்னபடிதான்" என்பார்கள். ஒன்றும் ஆகாது என்று சொன்ன வீட்டில் அதே காய்ச்சல் துரோகமாகிவிடும். ஊசி போட்ட இடத்தில் மஞ்சள், சுண்ணாம்பு எதையும் பற்றுப் போடக் கூடாது, தேய்த்துவிடவும் கூடாது என்பதை மட்டும் சேர்த்துச் சொல்லுங்கள். காய்ச்சல் மருந்தின் அளவைச் செவிலியர் சொல்வார், நீங்கள் சொல்ல வேண்டாம். ஊசி போட்ட பின் அரை மணி நேரம் அங்கேயே இருக்கச் சொல்வது குழந்தைக்கு ஒவ்வாமை ஏதும் வருகிறதா என்று பார்ப்பதற்குத்தான். பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று தாய்மார்கள் எழுந்துவிடுவார்கள். அவர்களோடு பேசிக்கொண்டே அந்த அரை மணி நேரத்தை ஓட்டிவிடுவதும் தன்னார்வலர் செய்யக்கூடிய நல்ல வேலை.

பயப்படுகிறவர்களை அறியாதவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள், தம்பி. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போட்டபின் நான்கு குழந்தைகள் இறந்தன. அதற்குப்பின் தமிழகத்தில் ஊசி போடுவதைக் கிராமங்களிலிருந்து ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு மாற்றினார்கள். மலையில் அதன் பொருள், கைக்குழந்தையோடு ஒரு தாய் பல மைல் நடக்க வேண்டும் என்பது. அந்த ஆண்டுகளில் எத்தனை பேர் தவணையைத் தவறவிட்டார்கள் என்பதை என் பதிவேட்டில் பார்த்திருக்கிறேன். அந்த அச்சத்துக்குக் காரணம் இருந்தது, அதை மதித்துத்தான் பேச வேண்டியிருந்தது. 2017 பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா முகாம் வந்தபோது நடந்தது வேறு. ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரை எல்லோருக்கும் போட வேண்டும். வாட்ஸ்அப்பில் ஆதாரமே இல்லாத குரல் பதிவுகள் பரவின, காலக்கெடுவை நீட்டிக்கும் அளவுக்கு வேகம் குறைந்தது. ஒரு பள்ளியின் வாசலில் எங்களைப் பெற்றோர்கள் சூழ்ந்துகொண்டார்கள். அன்று என்னைக் காப்பாற்றியது என் படிப்பு அல்ல. அந்தக் கூட்டத்தில் இருந்த ஒரு தாய், "இந்தம்மாதான் என் மூன்று பிள்ளைக்கும் ஊசி போட்டது, மூன்றும் நன்றாகத்தானே இருக்கின்றன" என்று சொன்னதுதான். ஆனால் கருவுற்ற பெண்ணுக்கு ரூபெல்லா வந்தால் வயிற்றுக் குழந்தையின் கண், காது, இதயம் பாதிக்கப்படலாம் என்பதை முகாமுக்கு முன்பே நாங்கள் நிதானமாக விளக்கியிருக்க வேண்டும். அதைப் போதுமான அளவு செய்யவில்லை.

படித்தவர்கள் வீட்டில் வேறொரு கேள்வி வரும், உங்கள் பக்கத்தில் குடியேறியவர்களிடமும் வரலாம்: இந்தியாவில்தான் போலியோ இல்லையே, பிறகு ஏன்? இதில் உறுதியானதையும் விவாதத்தில் இருப்பதையும் பிரித்துச் சொல்கிறேன். தமிழகத்தில் 2004க்குப் பிறகு போலியோ இல்லை. இந்தியாவில் கடைசியாக இயற்கைப் போலியோ வைரஸ் தாக்கியது 2011 ஜனவரி 13, மேற்கு வங்கத்தின் ஹவுராவில் ஒரு பெண் குழந்தையை. 2014 மார்ச் 27இல் உலக சுகாதார நிறுவனம் நமக்குச் சான்றிதழ் கொடுத்தது. பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் அந்த வைரஸ் இன்னும் இருக்கிறது. அது பாதித்தவர்களில் ஏறத்தாழ இருநூறில் ஒருவருக்குத்தான் கால் விளங்காமல் போகும், மற்றவர்கள் தெரியாமலே பரப்புவார்கள். அதனால்தான் நோயே கண்ணில் படாதபோதும் கொடுக்க வேண்டியிருக்கிறது. இவை உறுதி. சொட்டு மருந்தில் இருப்பது வலுவிழக்கச் செய்யப்பட்ட உயிருள்ள வைரஸ் என்பதால், சுமார் 27 லட்சம் தவணைக்கு ஒன்று என்ற அளவில் மருந்தே வாதத்தை உண்டாக்குவதும் உண்டு. இதுவும் உறுதி. யாராவது கேட்டால் மறைக்காதீர்கள். 2024இல் மேகாலயாவின் மேற்கு காரோ மலை மாவட்டத்தில் ஒரு குழந்தைக்கு மருந்து வழி வைரஸால் பாதிப்பு வந்ததையும் செய்தித்தாள் படிப்பவர்கள் அறிவார்கள். இந்த ஆபத்தைக் குறைக்கத்தான் 2016 ஏப்ரலில் இரண்டாம் வகை வைரஸைச் சொட்டு மருந்திலிருந்து எடுத்தார்கள். கையில் போடும் போலியோ ஊசியையும் ஆறாவது வாரம், பதினான்காவது வாரம், 2023 முதல் ஒன்பதாவது மாதம் என்று அட்டவணையில் சேர்த்தார்கள்.

விவாதத்தில் இருப்பது, சொட்டு மருந்தை இன்னும் எத்தனை ஆண்டு தொடர்வது, எப்போது முழுவதும் ஊசிக்கு மாறுவது என்பது. ஒரே சமயத்தில் எல்லாக் குழந்தைகளுக்கும் கொடுக்கும் இந்தப் பல்ஸ் முறையை 1980களிலேயே வேலூரில் செய்து பார்த்தவர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியின் ஜேக்கப் ஜான். ஊசி மருந்துக்கு மாற வேண்டும் என்று தொடர்ந்து வலியுறுத்தி வந்தவரும் அவர்தான். அறிஞர்கள் முடிவு செய்ய வேண்டிய விஷயம் அது. அட்டவணை மாறாத வரை நம் குழந்தைகள் இரண்டையும் தவறாமல் பெற வேண்டும் என்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. இன்னொன்றும் உறுதியாகச் சொல்ல முடியாதது: முகாமுக்கு மறுநாள் ஒரு குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் அது மருந்தாலா, தண்ணீராலா என்பது. நானும் சொல்ல மாட்டேன், நீங்களும் சொல்லாதீர்கள். உடனே செவிலியருக்குத் தெரிவியுங்கள், அவர் பதிவு செய்து மருத்துவரிடம் காட்டுவார்.

சேர்வது எளிது. முகாமுக்குப் பத்து நாள் முன்னதாகப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ச் சுகாதார ஆய்வாளரையோ கிராம சுகாதார செவிலியரையோ பாருங்கள். அடையாள அட்டை கொண்டுபோங்கள். பயிற்சி நாளைக் கேட்டுக்கொண்டு தவறாமல் போங்கள். கணினி தெரிந்தவர் என்பதால் உங்களை மேசையில் உட்காரவைக்கப் பார்ப்பார்கள். ஓரிரு மணி நேரம் அதைச் செய்துகொடுத்துவிட்டு, வீடு வீடாகப் போகிற குழுவில் என்னைப் போடுங்கள் என்று கேளுங்கள். முகாம் முடிந்த பிறகும் விருப்பம் இருந்தால், தமிழகத்தில் புதன்கிழமைதோறும் தடுப்பூசி நாள். அந்த வாரம் யாருக்குத் தவணை என்ற பட்டியல் செவிலியரிடம் இருக்கும். செவ்வாய் மாலையில் அந்த ஏழெட்டு வீட்டுக்கு நடந்து போய் நினைவுபடுத்துகிற ஒருவர் கிடைத்தால் எந்தச் செவிலியரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார். என் பணிக்காலம் முழுவதும் அப்படி ஒருவர் கிடைக்க மாட்டாரா என்று ஏங்கியிருக்கிறேன்.

கடைசியாக, ஒரு ஞாயிற்றுக்கிழமை போதுமா என்றீர்கள். முடிந்தால் ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே ஓய்வெடுங்கள், திங்களுக்கும் செவ்வாய்க்கும் விடுப்பு எழுதிக்கொடுங்கள். வழுக்காத செருப்பு, டார்ச், தண்ணீர், நாலு துண்டு சாக்பீஸ். மாலை நான்கு மணிக்கு மற்றவர்கள் கிளம்பும்போது மேற்பார்வையாளரிடம் எக்ஸ் வீடுகளின் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். பண்ணைக்காட்டைச் சுற்றி எந்தத் தோட்டத்தில் எத்தனை மணிக்குப் பழம் எடை போடுகிறார்கள் என்பதை இந்த வாரமே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.